இளங்குதிரையைத் தாண்டப் பழக்குவது

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே இருக்கிற வல்லம் வட்டாரத்தில் குதிரை என்று பேச்செடுத்தால் தேசிங்குராஜன் பெயர் வராமல் போகாது. டில்லி பாதுஷாவிடம் எவருக்கும் அடங்காத குதிரை ஒன்று இருந்தது. அதை அடக்கமுடியாமல் தேசிங்கின் தகப்பன் சிறைப்பட்டான். பையன் தேசிங்கு போய் அதன்மேல் ஏறி, அடக்கி, தகப்பனையும் மீட்டு அந்தக் குதிரையையும் பரிசாகக் கொண்டுவந்தான் என்று கதைப்பாடல் சொல்கிறது. குதிரையின் பெயர் பாராசாரி. வரலாற்றில் தேஜ்சிங் என்று அறியப்படும் அந்த இளைஞன் 1714-இல், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி, இருபதைச் சற்றே தாண்டிய வயதில் மாண்டுபோனான். முந்நூறு ஆண்டு கழிந்தும் அவனை மக்கள் விடவில்லை. தெருக்கூத்தில் வந்தான், 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்த படத்திலும் வந்தான். அவன் வீரத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்தக் கதை நம் மனத்தில் ஓர் எண்ணத்தை ஊன்றிவிட்டது. குதிரையைப் பழக்குவது ஒரு நாள் வேலை, ஒரு வீரனின் வேலை, மேலே ஏறிக் கீழே விழாமல் இருந்துவிட்டால் முடிந்த வேலை என்கிற எண்ணம் அது. இளங்குதிரையைத் தடை தாண்டப் பழக்கும் கலையை மதிப்பிட வேண்டுமானால் முதலில் இந்த எண்ணத்தை ஒதுக்கி வைக்கவேண்டும். பார்ப்பவர் கைதட்டுகிற அந்தப் பாய்ச்சல் கலையின் மிகச் சிறிய பகுதி. அதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில், பார்ப்பவருக்கு அலுப்புத் தட்டும் வேலைகளில்தான் கலை இருக்கிறது. அதைச் சரியாகச் செய்தார்களா என்பதை, குதிரை எவ்வளவு உயரம் தாண்டியது என்று பார்த்துச் சொல்லமுடியாது. எவ்வளவு பதற்றமில்லாமல் தாண்டியது என்று பார்த்துத்தான் சொல்லமுடியும்.

இதற்கு முதல் சான்று குதிரையின் உடம்பிலேயே இருக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்தில் எழுந்து நின்றுவிடும் பிராணி அது. இரண்டு வயதில் உயரத்தையும் பளபளப்பையும் பார்த்தால் முழுக்குதிரை என்றே தோன்றும். உள்ளே அப்படியில்லை. எலும்பு வளரும் குருத்துப் பகுதிகள் காலின் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. குளம்புக்கு மேலே உள்ள எலும்புகள் முதல் ஆண்டிலேயே முற்றிவிடும். முன்கால் முட்டிக்கு மேலே உள்ளது மூட இரண்டு, இரண்டரை வயது ஆகும். முதுகெலும்பு முற்ற ஐந்து வயதும் தாண்டும். சேணத்தையும் ஆளையும் சுமக்கப்போவது கடைசியாக முற்றுகிற அந்த முதுகுதான். இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. நமக்கிருப்பதுபோன்ற காறை எலும்பு குதிரைக்குக் கிடையாது. முன்கால்கள் இரண்டும் உடலோடு எலும்பால் பூட்டப்படவில்லை. தசையும் தசைநாரும் சேர்ந்த ஒரு தூளியில்தான் நெஞ்சுக்கூடு தொங்குகிறது. பெரிய தடையைத் தாண்டி இறங்கும்போது முதலில் தரை தொடும் ஒற்றை முன்கால், உடல் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விசையை வாங்குகிறது. நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள ஒரு விலங்கை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்தத் தூளி வலுப்படாத மூன்று வயதுக் குதிரையை ஒரு மீட்டர் தடைக்கு விரட்டினால் அது தாண்டத்தான் செய்யும். அன்று நொண்டாது. ஆறு, ஏழு வயதில், நல்ல காலம் தொடங்கவேண்டிய நேரத்தில், நொண்டத் தொடங்கும். அவசரத்துக்கான தண்டனை இவ்வளவு தாமதமாக வருவதால்தான் அவசரப்படுகிறவர்கள் பாடம் படிப்பதே இல்லை.

அப்படியானால் அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் நடப்பது என்ன? முதலில் தரையில் நின்று செய்யும் வேலை. தலைக்கயிறு போட்டு நடத்துவது, நிற்கச் சொன்னால் நிற்பது, நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுப்பது. லாடம் அடிப்பவருக்கு இளங்குதிரை அமைதியாகக் கால் கொடுக்கிறதா என்று பார்த்தாலே அந்த லாயத்தின் தரம் பாதி தெரிந்துவிடும். அடுத்தது நீளக் கயிற்றில் வட்டம் ஓட்டுவது. பயிற்சியாளர் நடுவில் நிற்க, குதிரை சுற்றிவரும். நட, ஓடு, நில் என்ற குரல்களைக் கற்றுக்கொள்வது இங்கேதான். சிறிய வட்டமும் நீண்ட நேரமும் இளம் மூட்டுகளுக்கு ஆகாது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் கயிற்றைச் சுருட்டிவிட வேண்டும், இடமும் வலமுமாகச் சமமாக ஓட்டவேண்டும். பிறகு முதுகில் ஒரு துணி. சில நாள் கழித்துச் சேணம். வாரை ஒரே நாளில் இறுக்காமல் துளை துளையாக இறுக்குவது. அங்கவடி விலாவில் தட்டித் தட்டிப் பழகுவது. ஆள் ஏறும் முதல் நாள், முழுதாக ஏறுவதில்லை. வயிற்றை முதுகில் சாய்த்துப் படுத்துக் கொஞ்சம் எடை கொடுத்து இறங்கிவிடுவார்கள். குதிரை காதைப் பின்னுக்கு மடிக்காமல், மூச்சு மாறாமல், வாலை இறுக்காமல் நின்றால் மறுநாள் இன்னும் கொஞ்சம். தேசிங்கு கதையின் உச்சக்கட்டம் எதுவோ அது இங்கே ஒரு நிகழ்ச்சியாகவே இருக்கக்கூடாது. முதல் முறை ஆள் ஏறியபோது குதிரை துள்ளியது, உதைத்தது என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அதற்கு முந்தைய படி எதையோ அவர் விட்டுவிட்டார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

ஆளைச் சுமந்து நேராக நடக்கவும், நடைக்கும் ஓட்டத்துக்கும் இடைப்பட்ட பெருநடையில் ஒரே தாளத்தில் போகவும், திரும்பவும் நிற்கவும் தெரிந்த பிறகுதான் கம்பு வருகிறது. அதுவும் தரையில் கிடக்கும் கம்பு. முதலில் ஒன்று, அதன்மேல் நடந்துபோக. பிறகு மூன்று, நான்கு கம்புகளை வரிசையாகக் கிடத்துவார்கள். பெருநடைக்கு இவற்றின் இடைவெளி ஏறக்குறைய ஒன்றே கால், ஒன்றரை மீட்டர். ஆனால் நல்ல பயிற்சியாளர் அளவுநாடாவை நம்பி இருக்கமாட்டார். மணலில் பதிந்த குளம்படிகளைப் பார்ப்பார். கம்புகளுக்கு நடுவில் சரியாகக் குளம்பு விழுந்திருந்தால் இடைவெளி சரி. கம்பை ஒட்டி விழுந்திருந்தால் அரை சாண் நகர்த்தவேண்டும். குட்டையான காத்தியவாடிக் குதிரைக்கும், பந்தயத்திலிருந்து வந்த உயரமான தோரோபிரெட்டுக்கும் ஒரே இடைவெளி பொருந்தாது. இப்படிக் கம்பு வைத்து நடத்தும்போது குதிரை தலையைத் தாழ்த்துகிறது, முதுகு வளைந்து எழும்புகிறது, காலை மடித்துத் தூக்குகிறது. தாண்டலுக்கு வேண்டிய எல்லாத் தசையும் தாண்டாமலேயே வளர்கிறது. அதற்குப் பிறகு இரண்டு கம்புகளைப் பெருக்கல் குறிபோல் சாய்த்து வைத்த தாழ்வான தடை. நடுப்பகுதி முழங்கால் உயரம்கூட இருக்காது. அந்த வடிவம் குதிரையை நடுவுக்கு இழுக்கும், ஓரமாக விலக விடாது. தடைக்கு முன்னால் இரண்டரை மீட்டர் தள்ளித் தரையில் ஒரு கம்பு போட்டுவைத்தால், எங்கே கால் ஊன்றி எழும்பவேண்டும் என்பதைக் குதிரை தானே கண்டுகொள்ளும். புதுக்காளையைப் பழகிய மாட்டோடு ஏர் பூட்டுகிற நம் உழவர் வழக்கம் போலவே, அனுபவமுள்ள ஒரு குதிரையை முன்னால் விட்டு அதன் பின்னால் இளங்குதிரையைத் தாண்ட விடுவதும் உண்டு. பயிற்சியாளர் கத்திச் சொல்லித்தராததை முன்னே போகும் குதிரை சொல்லித்தந்துவிடும்.

கண்ணைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். தாண்ட மறுக்கும் குதிரைமீது விழும் அடிகளில் பாதி, குதிரை உலகை எப்படிப் பார்க்கிறது என்று தெரியாததால் விழுகின்றன. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய பின்னால் வரைக்கும் அதற்குப் பார்வை உண்டு. நெற்றிக்கு நேர் முன்னால், மூக்கை ஒட்டிய இடம்தான் தெரியாது. அதாவது, தடையை நெருங்கிக் கால் ஊன்றும் கடைசி நொடியில் அந்தத் தடை குதிரையின் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறது. நினைவையும் ஏறியிருப்பவர்மேல் வைத்த நம்பிக்கையையும் கொண்டுதான் அது எழும்புகிறது. நிறங்களிலும் நமக்குத் தெரிகிற சிவப்பு, பச்சை வேறுபாடு அதற்குத் தெரியாது. பிரிட்டனில் தடைதாண்டும் குதிரைப் பந்தயங்களில் நெடுங்காலமாகத் தடைகளுக்கு ஆரஞ்சு வண்ணம் பூசி வந்தார்கள். எக்சிட்டர் பல்கலைக்கழக ஆய்வு, புல்தரையில் அந்த ஆரஞ்சு குதிரைக்குச் சரியாகப் புலப்படுவதில்லை என்று காட்டியது. 2022 முதல் வெள்ளைக்கு மாறத் தொடங்கினார்கள். மனிதக் கண்ணுக்குப் பளிச்சென்று இருந்ததை நம்பி இத்தனை காலம் ஓட்டியிருக்கிறார்கள். குதிரை தயங்கினால் திமிர் என்று முடிவுகட்டுவதற்கு முன், வெயில் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, கம்பின் நிறம் மண்ணோடு கலந்துபோகிறதா, தடைக்கடியில் நிழல் விழுகிறதா என்று பார்ப்பதும் இந்தக் கலைக்குள் அடங்கியதுதான்.

ஏறியிருப்பவர் பங்கும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிறவரை ஐரோப்பியக் குதிரைப்படை வீரர்கள் தடை தாண்டும்போது பின்னுக்குச் சாய்ந்து, கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பார்கள். இறங்கும்போது குதிரையின் முன்காலைக் காப்பாற்றுகிறோம் என்று நினைப்பு. கடிவாளக் கம்பி வாயை வெட்ட, எடை இடுப்பில் மோத, குதிரை முதுகைக் குழித்துக்கொண்டுதான் தாண்டமுடிந்தது. இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடரிகோ காப்ரில்லி, ஆள் இல்லாமல் குதிரை எப்படித் தாண்டுகிறது என்று கவனித்தார். கழுத்தை நீட்டுகிறது, தலையைத் தாழ்த்துகிறது, முதுகை வில்லாக வளைக்கிறது. அதற்கு இடம் விடவேண்டும் என்று, அங்கவடியைக் குட்டையாக்கி, உடலை முன்னுக்குக் கொண்டுபோய், கையைக் குதிரை வாயோடு சேர்த்து முன்னே விடும்படி கற்பித்தார். 1907-இல் நாற்பது வயது நிறையுமுன் இறந்துபோனார். இன்று உலகம் முழுவதும் தாண்டுகிறவர்கள் அவர் வழியில்தான் அமர்கிறார்கள். குதிரைக்கு இடையூறு செய்யாமல் இருக்கக் கற்பது குதிரையை ஏவக் கற்பதைவிடக் கடினம் என்பதற்கு, படைகளில் எத்தனை தலைமுறை பழகியும் அவருக்கு முன் இது வழக்காகாமல் போனதே போதுமான சான்று.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். அடியாத மாடு படியாது என்பது நம் பழமொழி. போர்க்குதிரைகளை இப்படிக் கொஞ்சிக்கொண்டா பழக்கினார்கள், தேசிங்கின் படைக்கு மூன்று ஆண்டு காத்திருக்க நேரம் இருந்ததா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. செஞ்சிக்கோட்டையில் கல்யாண மகாலை அடுத்து வரிசையாக நிற்கும் லாயங்களைப் பார்த்தால், அங்கே பெருங்கூட்டமாகக் குதிரைகளை வைத்துக் காத்தார்கள் என்பது தெரிகிறது. அத்தனைக்கும் அனுபவமுள்ள ஆட்கள் இல்லாமல் இருந்திருக்க முடியாது. அதே தமிழகத்தில் அதற்கு நானூறு ஆண்டு முன்னால் நடந்ததை மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். பாண்டிய நாட்டுக்கு அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்தன. பெரும்பொருள் கொடுத்து வாங்கினார்கள். ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போயின. அதற்கு அவர் சொல்லும் காரணம், குதிரையைப் பேணத் தெரிந்த ஆட்களும் மருத்துவரும் இங்கே இல்லை என்பது. அவர்கள் வந்துவிட்டால் வியாபாரம் போய்விடும் என்று குதிரை விற்ற வணிகர்களே அவர்களை வரவிடாமல் பார்த்துக்கொண்டார்களாம். வெளியூர்ப் பயணி எழுதியதில் மிகை இருக்கும். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் இங்கே குதிரைகளுக்குத் தவறான தீனி போட்டுக் கெடுத்தார்கள் என்று எழுதியிருப்பதால் முற்றாகத் தள்ளவும் முடியாது. அவசரமாகப் பழக்கிய படைகள் குதிரையை மிச்சப்படுத்தவில்லை, செலவழித்தன. செத்த குதிரைக்கு இன்னொன்று வாங்கப் பொன் இருந்தவரை அந்த முறை வெற்றிபோலத் தோன்றியது. செலவை மறைத்துவிட்டுக் காட்டும் வெற்றியைக் கலையின் அளவுகோலாக வைக்கக்கூடாது.

அடக்குவதும் தாண்டுவதும் ஒன்றல்ல என்பதற்கு நம் காலத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் நவீன ஐந்திறப் போட்டி. அதில் அப்போது குதிரையைக் குலுக்கல் முறையில் தந்தார்கள். முன்பின் பார்க்காத குதிரையோடு பழக இருபது நிமிடம்தான். ஜெர்மனியின் அன்னிக்கா ஷ்லாய் அதுவரை முதலிடத்தில் இருந்தார். அவருக்கு வாய்த்த செயின்ட் பாய் என்ற குதிரை, அவருக்கு முன் ஏறியவரிடமே தாண்ட மறுத்திருந்தது. இவரிடமும் மறுத்தது. சவுக்கடி விழுந்தது, வெளியே நின்ற பயிற்சியாளர் குதிரையைக் கையால் குத்தினார், ஷ்லாய் கண்ணீரோடு பதக்கத்தை இழந்தார். பயிற்சியாளரைப் போட்டியிலிருந்து விலக்கினார்கள், சில மாதத்தில் அந்தப் போட்டியிலிருந்து குதிரையேற்றத்தையே எடுத்துவிட முடிவுசெய்தார்கள். பாரிஸ் 2024-தான் அதற்குக் கடைசி. அந்தப் பெண் திறமையற்றவர் என்று நான் சொல்லவில்லை. மூன்று ஆண்டில் கட்டவேண்டியதை இருபது நிமிடத்தில் கட்டச் சொன்ன விதிதான் குற்றவாளி. இதற்கு மாறாக, தனித் தடைதாண்டல் போட்டியின் விதிகளையே பாருங்கள். கம்பைத் தட்டிவிட்டால் நாலு தண்டப்புள்ளி, தாண்ட மறுத்தாலும் நாலு; சர்வதேசப் போட்டியில் இரண்டாம் முறை மறுத்தால் வெளியே. குதிரைக்கு வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு உண்டு என்பதை அந்த விதியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. உயரமாகத் தூக்கட்டும் என்று தாண்டும் நேரத்தில் கால்களில் கம்பால் தட்டும் பழைய தந்திரத்தையும் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு தடைசெய்திருக்கிறது.

மென்மையாகப் பழக்கினால் குதிரை தலைமேல் ஏறிக்கொள்ளும் என்பார்கள் சிலர். பொறுமையும் செல்லமும் ஒன்றல்ல. ஆளை இடித்துத் தள்ளும் குதிரைக்கு உடனே, ஒரே மாதிரி, கோபமில்லாமல் எல்லை காட்டவேண்டும். இதில் நழுவினால் ஆபத்து குதிரைக்காரருக்குத்தான். நான் மறுப்பது பயத்தைப் பாடமாக்குவதை. பயந்த குதிரை வேகமாக ஓடும், தலையைத் தூக்கும், முதுகைக் குழிக்கும். இந்த மூன்றும் தாண்டலுக்கு நேர் எதிரி. ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்தில் இரண்டு முன்காலையும் தூக்கி நிற்கும் குதிரைகளைச் செதுக்கிய சிற்பியின் கை வணக்கத்துக்குரியது. ஆனால் லாயத்தில் அந்த நிலை வந்தால், இனி முன்னே போகமாட்டேன் என்று குதிரை சொல்கிறதென்று பொருள்.

இன்னொரு மறுப்பு அறிவியல் பக்கத்திலிருந்து வருகிறது, அதற்கு நான் கொஞ்சம் இறங்கிப் போகத்தான் வேண்டும். பந்தயக் குதிரைகள் இரண்டு வயதிலேயே ஓடுகின்றன. இளமையில் அளவான ஓட்டம் எலும்பைக் கெட்டியாக்கும் என்று ஆய்வுகளும் காட்டுகின்றன. உண்மைதான். லாயத்தில் கட்டியே வைத்திருக்கும் குட்டியைவிட, திறந்த வெளியில் ஓடித் திரிந்த குட்டி பிற்காலத்தில் தாங்கும். எனவே சும்மா விட்டுவிடுங்கள் என்பது என் வாதமில்லை. நேர்கோட்டில் கொஞ்சம், மேடுபள்ளத்தில் நடை, ஓட விடுதல் என்று எல்லாம் வேண்டும். ஆள் எடையோடு உயரம் தாண்டுவதும் சிறு வட்டத்தில் சுழற்றுவதும்தான் தள்ளிப்போட வேண்டியவை. தள்ளிப்போட்டால் காலம் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். குதிரை தாண்டிய உயரத்தில் உலகச் சாதனை 2.47 மீட்டர். 1949 பிப்ரவரி 5 அன்று, சிலி நாட்டின் வின்யா தெல் மாரில், ஆல்பெர்ட்டோ லாராகிபெல் ஏறியிருக்க ஹுவாசோ என்ற குதிரை தாண்டியது. பந்தயத்தில் தேறாத குதிரை அது. அன்று அதன் வயது பதினாறு. முக்கால் நூற்றாண்டு ஆகியும் எவரும் முறியடிக்கவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி: பணக்காரர் விளையாட்டை வல்லத்துக் குடியானவருக்கு எதற்குச் சொல்கிறாய் என்பது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் குதிரையேற்றத்தின் நடைப்பயிற்சிப் பிரிவான டிரெஸ்ஸாஜில் இந்திய அணி தங்கம் வாங்கியது, 1982-க்குப் பிறகு குதிரையேற்றத்தில் முதல் தங்கம். அந்தக் குதிரைகள் ஐரோப்பாவில் பழகியவை, விலை நமக்கு எட்டாதவை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வல்லம் இருக்கிற இந்த விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே ஆரோவில்லில் ரெட் எர்த் குதிரையேற்றப் பள்ளி இருக்கிறது. அங்கே பிள்ளைகள் தடை தாண்டக் கற்கிறார்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை வாங்குகிற நடுத்தரக் குடும்பத்து இளைஞர்களும் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் சுழி பார்க்கிறார்கள், நிறம் பார்க்கிறார்கள், கொட்டுக்கு ஆடுகிறதா என்று பார்க்கிறார்கள். வாயைத் திறந்து பல் பார்த்தால் வயது தெரியும். முன்பக்கப் பால்பற்கள் இரண்டரை, மூன்றரை, நாலரை வயதுகளில் ஜோடி ஜோடியாக விழுந்து முளைக்கின்றன; ஓரப்பல் இன்னும் பால்பல்லாகவே இருந்தால் அது ஆளைச் சுமந்து தாண்டும் வயதில்லை. நாலு காலும் எடுத்துக் கொடுக்கிறதா, கடிவாளம் காட்டினால் தலையைப் பின்னுக்கு இழுக்கிறதா, தரையில் கிடக்கும் ஒரு மூங்கிலைத் தளர்ந்த கயிற்றில் நடந்து கடக்கிறதா என்று பாருங்கள். இதற்கெல்லாம் காசு ஆகாது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு வேண்டியது, கோடையில் இறுகிப்போகும் நம் செம்மண்ணைக் கொத்தி மணல் பரப்பிய ஒரு துண்டு நிலம், விடிகாலை அரை மணி நேரம், நாலு கம்பு, வேலை குறைந்த நாளில் கொள்ளையும் குறைக்கும் கட்டுப்பாடு, இவ்வளவுதான். குதிரையேற்றப் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: பார்வையாளரை அழைக்கும்போது பெரிய தடைகளை மட்டும் காட்டாதீர்கள். நாலு வயதுக் குதிரை ஒன்று தரைக்கம்பு வரிசையில் முதல் முறையாக இறங்கும் காலையையும் திறந்து காட்டுங்கள், எதைப் பார்க்கவேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள்.